ஒரு பாட்டுக்குப் பிறந்தநாள்

"யாரும் மூச்சு விடாதீங்க, தந்தி போடறேன்" என்று சொல்லிவிட்டு, கிரீம் பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பேக்கரிக்கார அக்கா குனிகிறார். கேக்கின் மேல் சாக்லெட் கிதார் ஒன்று மல்லாந்து கிடக்கிறது. அதன் கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் வெள்ளைக் கிரீம் இழை ஒன்று நடுக்கமில்லாமல் இறங்குகிறது. பக்கத்தில் இன்னொன்று. ரொட்டி வாங்க வந்தவர்கள் கல்லாவுக்கு முன்னால் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைசித் தந்தியும் விழுந்ததும் நிமிர்ந்து, பையை மேஜையில் வீசிவிட்டு, இல்லாத கிதாரை இடுப்பில் வைத்து ஒரே இழுப்பாக மீட்டுகிறார். மாவு பறக்கிறது.

"யாருக்குக்கா பொறந்தநாள்?" என்று கடைக்குப் புதிதாக வந்த பெண் கேட்கிறாள்.

"ஒரு பாட்டுக்கு."

"பாட்டுக்கா?"

"ஏன், பாட்டு என்ன வானத்துலேருந்தா குதிச்சுது? அதுவும் ஏதோ ஒரு நாள்லதானே பொறந்திருக்கும்! இந்தா, ஒரு துண்டு சாப்பிட்டு வாழ்த்திட்டுப் போ."

இந்த பேக்கரியின் மாடியில் நான் குடியிருக்கிறேன். காலையில் என்னை எழுப்புவது முதல் அடுக்கு ரொட்டி வேகும் வாசனையும், தரை வழியாகக் கட்டில் காலுக்கு ஏறிவரும் டிரம்ஸ் அதிர்வும்தான். கீழே மாவு பிசையும் இயந்திரத்துக்கு மேல் ஒரு ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் எப்போதும் ஒரு படலம் மைதா. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அந்த மைதா எழும்பிக் குதிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

தெருவில் அந்த பேக்கரிக்கார அக்காவுக்குத் தேதியக்கா என்று பெயர். அறுபதைத் தொடப்போகிற வயது. ஆண்டுக்கணக்காக மாவு பிசைந்து உரமேறிய தோள்கள், காதில் பெரிய வளையங்கள், தலையில் வலைத்தொப்பி. ஏப்ரனுக்குக் கீழே ஏதாவதொரு ராக் குழுவின் சாயம்போன பனியன். நீங்கள் ஒரு தேதியைச் சொன்னால் போதும், உலகத்தின் எந்த மூலையில் எந்தக் குழு அன்றைக்கு என்ன செய்தது என்று கொட்டிவிடுவார். மின்சாரக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் இவருக்குத்தான் தெரியும்" என்று கல்லாப் பக்கம் கையைக் காட்டுவார்.

கல்லாவில் இருப்பவர் அவருடைய கணவர். பேச்சை நிறுத்துப் போடுகிற மனிதர். மனைவி ஒரு நாளைக்குப் பேசுவதை அவர் ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்வார். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று யாராவது அவரிடம் கேட்டால், "கேக்கு இருக்கு" என்பதே பதில்.

தேதியக்காவின் கேக்குகளைக் கண்ணாடி அலமாரியில் பார்த்தாலே அன்றைய சேதி தெரிந்துவிடும். நான்கு பேர் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்று வாசித்த நாளுக்கு, பிஸ்கட்டால் ஒரு கட்டடம் எழும்பும். உச்சியில் நான்கு செர்ரிப் பழங்கள் நிற்கும். புகழ்பெற்ற குழு ஒன்று உடைந்துபோன நாளுக்கு ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாத நான்கு நிறக் கிரீம்களில் கேக் செய்வார். "இதை ஒண்ணா சேத்துச் சாப்பிட முடியாது, தனித்தனியா நல்லா இருக்கும். அவங்களும் அப்படித்தானே ஆனாங்க!" என்பார். ஒரு பாடகன் மேடையில் கிதாரைத் தரையில் அடித்து நொறுக்கிய நாள் வந்தது. கிதார் கேக்கை வாசலில் வைத்து, முதல் வாடிக்கையாளர் கையில் பூரிக்கட்டையைத் திணித்து "உடைங்க" என்றார். அந்த மனிதர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். பிறகு உடைத்தார் பாருங்கள், எதிர்க்கடை வாசல் வரைக்கும் கிரீம் தெறித்தது. அதிலிருந்து அந்தத் தேதிக்கு அவர் கடை திறப்பதற்கு முன்பே வந்து நிற்கிறார்.

யாராவது இறந்த நாட்களுக்கு மட்டும் கேக் கிடையாது. பெரிய பாடகர் ஒருவரின் நினைவு நாளுக்கு யாரோ கேட்டபோது, "போங்கப்பா. அவரு செத்ததுக்கு நான் எதுக்கு முட்டை அடிக்கணும்? அவரு மொத ரெக்கார்டு வந்த நாளு இருக்கு, அன்னைக்கு வாங்க" என்று திருப்பியனுப்பினார்.

இவர்களுக்கு ஒரே மகள். வெளியூரில் செவிலியராக இருக்கிறாள். அவள் பிறந்த தேதியும் ஒரு பிரபலமான ஆல்பம் வெளியான தேதியும் ஒன்றாகப் போய்விட்டன. "சின்ன வயசுல என் கேக்குல அந்த ஆல்பம் பேருதான் மேல இருக்கும். என் பேரு கீழ, குட்டி எழுத்துல, இடம் இருந்தா" என்று ஒருமுறை என்னிடம் முறையிட்டாள். தேதியக்கா அசரவில்லை. "அது உனக்கு மூத்தது இல்லையா, அக்கா முறை. மரியாதை குடுக்கணும்" என்றார்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. வருஷத்தில் ஒரு நாள் இருக்கிறது. அது நெருங்கும்போது தேதியக்காவுக்குக் காய்ச்சல் வந்ததுபோல் கன்னம் சிவந்துவிடும். மற்ற தேதிகள் உலகத்துக்குச் சொந்தமானவை, இது இந்த ஊருக்கு மட்டும் சொந்தமானது.

அவருடைய கல்லூரி நாட்களில் இங்கே நான்கு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். பாடுவதற்கு ஒரு பெண், கிதார், பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பையன்கள். பயிற்சிக்குக் கிடைத்த அறை ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில். டிரம்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறுவார்கள். கீழே மாட்டியிருந்த பலகையையே குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்: லிஃப்ட் பழுது. அவர்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு புகழ்பெற்ற பாட்டு. ஒருவன் தன் காதலியைப் பார்க்கப் படியேறுகிறான். ஒரு சரணத்துக்கு ஒரு மாடி. நான்காவது சரணத்தில் கதவைத் தட்டுகிறான்.

ஆற்றங்கரைப் பூங்காவில் அவர்கள் நடத்திய பெரிய கச்சேரியில் அந்தப் பாட்டின் நடுவே ஆம்ப்ளிஃபையர் வெடித்தது. புகை வந்தது. கிதார் செத்தது, மைக் செத்தது. டிரம்ஸுக்கு மின்சாரம் வேண்டாமே, அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாடகி செத்த மைக்கோடு நிற்க, புல்வெளியில் இருந்த கூட்டம் பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மீதிப் படிகளை ஏறி முடித்தது. அந்தக் கூட்டத்தில் தேதியக்காவும் இருந்தார்.

முதன்முதலில் அந்த நாளுக்கு அவர் கேக் செய்தபோது, பூங்கா பெஞ்சில் அவரும் கணவரும் மட்டும் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தார்களாம். அலமாரியில் கேக்கைப் பார்த்த யாரோ "நானும் அன்னைக்கு இருந்தேனே!" என்றார். மறு வருஷம் பெஞ்ச் போதவில்லை. பிறகு புல்வெளி. பேச்சு கிடையாது, மேடை அலங்காரம் கிடையாது. மாலையில் கூடுவார்கள், மைக் இல்லாமல் அந்தப் பாட்டைப் பாடுவார்கள், கேக் தின்பார்கள், கலைவார்கள்.

இந்த வருஷம் நாற்பதாவது. அதோடு, இத்தனை வருஷமாக வேறு ஊரில் இருந்த பாடகியே வருவதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அந்த அழைப்புக்குப் பிறகு தேதியக்கா உப்பையும் சர்க்கரையையும் மாற்றிப் போட்டு ஒரு அடுக்கு ரொட்டியை நாசமாக்கினார். "அவங்க குரல், தம்பி! என் காதுல! 'எங்க வண்டி நிறுத்தலாம்'னு கேட்டாங்க! என்னை!" என்று மாடிக்கு ஓடிவந்து சொன்னார். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் காலையில் கீழேயிருந்து பாட்டுக்குப் பதிலாக ஓர் அலறல் வந்தது. போய்ப் பார்த்தால், குளிர் அறையின் கதவைத் திறந்துபோட்டு நின்றுகொண்டிருந்தார். உள்ளே கேக். சாதாரணக் கேக்கா அது! ஓர் ஆம்ப்ளிஃபையர் பெட்டி, ஏறக்குறைய நிஜ அளவில். முன்பக்கத்து வலைத்துணியைக்கூடக் கிரீமில் பின்னியிருந்தார். அதற்கு மேலே, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள். மேல் மூலையில் பஞ்சுமிட்டாயில் புகை. கீழே பலகையில் சிவப்பு எழுத்து: வெடித்த நாள் வாழ்க. ஆனால் குளிர் அறை குளிராக இல்லை. வலைத்துணி மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, உருகுதுங்க! என் பெட்டி உருகுதுங்க!"

கணவர் ஏற்கெனவே தொலைபேசியில் இருந்தார். "மெக்கானிக் வர்றாரு" என்றார். அந்த நேரத்தில் அந்த இரண்டு வார்த்தைக்கு மாலையே போட்டிருக்கலாம்.

வந்தவர் ஒல்லியான, நரைத்த மனிதர். இந்த ஊருக்கு அண்மையில்தான் குடிவந்தவராம். நெற்றியில் பட்டைபோட்டு ஒரு டார்ச் கட்டியிருந்தார். பின்கட்டுக்குப் போனார், ஏணி போட்டு ஏறி, சுவரில் மாட்டியிருந்த இயந்திரத்தில் காதை வைத்தார். "ஃபேன் நின்னுபோச்சும்மா. சூட்டுல கம்ப்ரசர் தானா அணைஞ்சுடுது. மோட்டரு வண்டியில இருக்கு, மாத்திடலாம்" என்றார். தேதியக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே வெப்பநிலை பார்க்கப் போனவர் கேக்கின் முன்னால் நின்றுவிட்டார். டார்ச் வெளிச்சம் அதன் மேல் இங்குமங்கும் போயிற்று.

"குமிழ் அஞ்சு" என்றார்.

"என்னதுண்ணே?"

"நாலு போட்டிருக்கீங்க. அஞ்சு. வலது ஓரத்துல ஒண்ணு வரும், கொஞ்சம் சின்னது."

தேதியக்காவின் கண்கள் விரிந்தன. "அந்தப் பெட்டியை நீங்க பாத்திருக்கீங்களா? அன்னைக்குப் பார்க்குக்கு வந்திருந்தீங்களா?"

"நான்தாம்மா செஞ்சேன்."

அடுத்து எழுந்த கூச்சலில், மனைவி கையைச் சுட்டுக்கொண்டாளோ என்று கணவர் கல்லாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடிவந்தார். "இவருங்க! இவருதாங்க! பெட்டியைச் செஞ்சவரு! நம்ம குளிர் அறையில நிக்கறாருங்க!" என்று தேதியக்கா அந்த ஒல்லி மனிதரின் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினார். அவர் சட்டையெல்லாம் மாவு. ஆனால் மெக்கானிக் சிரிக்கவில்லை. கீழே பலகையில் இருந்த சிவப்பு எழுத்தை அப்போதுதான் படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"கொண்டாடறீங்களா?" என்றார் மெதுவாக. "ஒருத்தன் பெட்டி எரிஞ்சதைக் கேக்காச் செஞ்சு திங்கறீங்களா?"

"ஐயோ இல்லண்ணே! அது வெடிச்சதுதான் அழகே! வெடிக்கலைன்னா அது வெறும் கச்சேரிண்ணே! வெடிச்சதாலதான்…"

சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது. அவர் திருப்புளியைப் பையில் போட்டார். ஸ்பானரைப் போட்டார். உள்ளே வலைத்துணியில் இன்னொரு வரிசை கழன்று விழுந்தது. அப்போது கல்லாக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"அண்ணே, மொதல்ல மோட்டரை மாத்திடுங்க. அப்புறம் இவளைத் திட்டுங்க. நானும் கூட நின்னு திட்டறேன்."

மெக்கானிக் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வண்டிக்குப் போய்ப் புது மோட்டரை எடுத்துவந்தார்.

அவர் ஏணியில் நின்று வேலை செய்ய, தேதியக்கா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவர் கழற்றிய திருகாணிகளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். முதலில் வெறும் இரும்புச் சத்தம். பிறகு, முதுகைக் காட்டியபடியே மெக்கானிக் பேச ஆரம்பித்தார்.

"எங்க அக்கா வீட்டுச் சமையலறையில வச்சு செஞ்சேன். பலகை அவங்க பழைய கட்டிலோடது. டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி நானே சுத்தினேன். பாட்டுக்கும் கிதாருக்கும் எல்லாத்துக்கும் சேத்து ஒரே பெட்டி. அக்கா சொல்லுவாங்க, இது நல்லா வந்துச்சுன்னா நீ கடையே வைக்கலாம்டான்னு. அன்னைக்குத்தான் அதை மொத மொதல்ல வெளியில கொண்டுவந்தேன்."

"அஞ்சாவது குமிழ் எதுக்குண்ணே?"

"எதிரொலிக்கு. அதைத் திருப்பினா கிணத்துக்குள்ள நின்னு பாடற மாதிரி கேக்கும். கடைசிப் பாட்டுக்குன்னு வச்சிருந்தேன். திருப்பவே இல்ல." பழைய மோட்டரைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "புகை வந்ததும் பிளக்கைப் புடுங்கினேன். அந்தப் பொண்ணு, பாடுற பொண்ணு, என் பக்கம் திரும்பி 'எல்லாம் உன்னாலதான், இனிமே என் கண்ணு முன்னால வராதே'ன்னு கத்துச்சு. மேடைக்குப் பின்னாடி குதிச்சு ஓடிட்டேன். அப்புறம் அந்த ஜனம்! மொத்த ஜனமும் கத்துச்சும்மா. பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்தச் சத்தம் என்னைத் துரத்திட்டு வந்துச்சு. வந்த மொத பஸ்ல ஏறி வேற ஊருக்குப் போயிட்டேன். அங்க ஃப்ரிட்ஜ் வேலை கத்துக்கிட்டேன். ஃப்ரிட்ஜ் கெட்டா யாரும் கூட்டமா நின்னு கத்த மாட்டாங்க பாருங்க."

தேதியக்கா ஏணியை விட்டுவிட்டார். நல்லவேளை, நான் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே. அது கத்தல் இல்லண்ணே."

"என் காதால கேட்டேன்."

"நீங்க கேட்டது பாட்டுண்ணே! ரெண்டாவது மாடியில உங்க பெட்டி நின்னுச்சு. மூணாவது மாடிக்கு நாங்க ஏறினோம். அத்தனை பேரும்! யாரும் ஆரம்பிச்சு வைக்கலை, அதுவா எழும்புச்சு. உங்களைத் துரத்தினது நாங்க பாடின பாட்டுண்ணே!"

திருப்புளி காற்றில் நின்றது. "பொய் சொல்றீங்க" என்றார்.

"இவரைக் கேளுங்க. இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதுக்கும் நெறைய பேசணும்."

கல்லாக்காரர் வாசலில் நின்று தலையாட்டினார். "பாடினோம்" என்றார்.

தேதியக்கா அங்கேயே, காலி மாவு மூட்டைகளுக்கு நடுவில், மூன்றாவது மாடிச் சரணத்தை எடுத்துப் பாடினார். இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. மெக்கானிக் ஏணியின் உச்சியில் உட்கார்ந்து அதைக் கேட்டார். முடிந்ததும் புது மோட்டரை வைத்து முடுக்கினார். பிறகு கை நீட்டி ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

"சாயங்காலம் வர்றீங்க" என்றார் தேதியக்கா.

"அந்தப் பொண்ணு வருதா?"

"வர்றாங்க."

"அப்ப நான் வரலை."

"அப்ப இந்தக் கேக்கை யாரு தூக்குவா? இவருக்கு இடுப்பு வலி. மாடித் தம்பி கையைப் பாருங்க, பேனா தூக்கற கை. உங்க பெட்டியை நீங்கதாண்ணே தூக்கணும்."

அவர் பையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். மதியம் முழுக்கத் தேதியக்கா சரிந்த வலைத்துணியைத் திரும்பப் பின்னினார். வலது ஓரத்தில், கொஞ்சம் சின்னதாக, ஐந்தாவது குமிழை வைத்தார். பலகையில் இருந்த எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறென்ன எழுதுவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் வெறுமனே விட்டுவிட்டார். நாங்கள் கேக்கை வாசலுக்குக் கொண்டுவந்தபோது மெக்கானிக்கின் வண்டி நின்றுகொண்டிருந்தது. துவைத்த சட்டை போட்டிருந்தார். பின்கதவைத் திறந்துவைத்து, கருவிகளையெல்லாம் ஒதுக்கி, தரையில் ஒரு கம்பளி விரித்திருந்தார்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் தேதியக்கா "ஆத்தாடி!" என்றார். புல்வெளியில் புல் தெரியவில்லை. மடக்கு நாற்காலிகளோடு வந்த அறுபது வயதுக்காரர்கள், அவர்களைக் கைபிடித்து அழைத்துவந்த பிள்ளைகள், தோளில் பேரக்குழந்தைகள். அந்தக் காலத்துப் பனியனை வயிற்றுக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒருவர். முன்வரிசையில் நம் வங்கி அதிகாரி, கண்ணாடியை முன்ஜாக்கிரதையாகக் கழற்றி வைத்திருந்தார். "கேக்கு பத்தாதுங்க! ஆளுக்கு ஒரு குமிழ்கூட வராதுங்க!" என்று தேதியக்கா ஆனந்தத்தில் கணவரின் கையைக் கிள்ளினார். மெக்கானிக் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கேக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். கூட்டம் கைதட்டி வழிவிட்டது. அவர் தலையைக் குனிந்தபடியே வந்தார். கைதட்டல் கேக்குக்குத்தான்; தூக்கி வருகிறவர் யார் என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

பாடகி வந்து இறங்கினார். குட்டையாக வெட்டிய நரைமுடி, இடுப்பில் சாவிக்கொத்து. இப்போது கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி ஒன்றை நடத்துகிறார். தேதியக்கா அவரிடம் ஓடினார். பேச எத்தனையோ வருஷமாகச் சேர்த்துவைத்தது இருந்தும், எடுத்த எடுப்பில் மெக்கானிக்கைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "பெட்டி செஞ்ச அண்ணன்!"

பாடகி உற்றுப் பார்த்தார். "நீயா! நீங்களா! எங்க போயிட்டீங்க? நாங்க எல்லாரும் தேடினோமே!"

"நீங்கதானே வராதேன்னு சொன்னீங்க" என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்து.

"நானா?"

"'இனிமே என் கண்ணு முன்னால வராதே'ன்னு."

பாடகி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில். "நான் தினமும் கிளட்சுல காலை வச்சிட்டு நிக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் அப்படித்தான் சொல்றேன். மறுநாள் காலையில எல்லாரும் வந்து நிப்பாங்க. நீங்க ஏன் வரலை?"

மெக்கானிக்கின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பாடகியும் சிரிக்க ஆரம்பித்து, சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க, அவர் முதுகில் ஓர் அறை வைத்தார். செய்தி வாய்க்கு வாய் பின்வரிசை வரைக்கும் ஓடியது. முன்பின் தெரியாதவர்கள் எழுந்துவந்து அந்த ஒல்லி மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

கூட்டம் கொஞ்சம் அடங்கியதும், கேக் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்த தேதியக்காவிடம் அவர் தணிந்த குரலில் கேட்டார்: "ஒண்ணு மட்டும் சொல்லும்மா. ஊருல எத்தனையோ பேரு அன்னைக்கு இருந்தாங்க. நீ ஏன் இவ்வளவு பாடுபடறே?"

தேதியக்கா கணவரைப் பார்த்தார். அவர் சற்றுத் தள்ளி நின்று தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு என் பக்கத்துல ஒரு ஆளு நின்னிருந்தாருண்ணே. உங்க பெட்டி ஓடற வரைக்கும் அப்படி ஒருத்தரு நிக்கறதே எனக்குத் தெரியாது. பெட்டி நின்னு எல்லாரும் பாட ஆரம்பிச்சதும், என் காதுக்குப் பக்கத்துல ஒரு குரல். சுருதி கிடையாது, தாளம் கிடையாது, ஆனா கண்ணை மூடிக்கிட்டு உசுரக் குடுத்துப் பாடறாரு. யாருடா இது இவ்வளவு கேவலமா பாடறதுன்னு திரும்பிப் பாத்தேன்." முகம் சிவந்தார். "உங்க பெட்டி மட்டும் நல்லா ஓடியிருந்தா, அந்தக் குரல் எனக்குக் கேட்டிருக்குமா?"

மெக்கானிக் தட்டு அடுக்குகிறவரைத் திரும்பிப் பார்த்தார்.

முன்னால் பாடகி கையை உயர்த்தினார். யாரோ ஒரு பெரியவர் மடக்கு நாற்காலியில் தாளம் தட்ட ஆரம்பித்தார். மைக் இல்லாத, வயதான, காரோட்டிகளைத் திட்டித் திட்டிக் கரகரத்த குரல் முதல் மாடிக்கு ஏறியது. இரண்டாவது மாடியில் அவர் வேண்டுமென்றே நிறுத்தினார். ஒரு கணம் ஆற்றுக்காற்று மட்டும். அடுத்த கணம் புல்வெளி மொத்தமும் எழும்பிற்று. என் முதுகெலும்பில் அது ஓடியது. மூன்றாவது மாடி! மெக்கானிக் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, கண் கொட்டாமல் நின்றார். கல்லாக்காரர் தட்டுகளை வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார், மார்பை நிமிர்த்தி, எந்த ராகத்துக்கும் அடங்காமல் பாட ஆரம்பித்தார்.

தேதியக்கா அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தவர், அதை விடாமல் வாயை மூடிக்கொண்டார். காதிலிருந்த பெரிய வளையத்தை விரலால் ஒதுக்கிவிட்டு, தலையைச் சாய்த்து, அந்தக் காதைக் கணவரின் பக்கம் கொடுத்தார்.